ஏழு பாவங்களும் எட்டாவதும்

திரைப்படங்களைப் பற்றி எழுதுவது நமக்குப் பழக்கமான செயலன்று. அரபு இலக்கணமும் தமிழ்ச் செய்யுளும் ஓதுவதிலும் ஓதிக்கொடுப்பதிலும் நம் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. ஆயினும் ஒரு நாள் மாணவர் ஒருவர் எழுப்பிய வினா, நம்மைப் பழக்கமில்லாத இத்துறையில் இறங்கச் செய்துவிட்டது.

அன்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் கோபம், பொறாமை ஆகியவை பற்றிய பகுதியை ஓதி முடித்துக் கிதாபுகளை மூடிக்கொண்டிருந்தோம். அப்போது அம்மாணவர், "ஹஜ்ரத், இந்தப் பாவங்களையே கருவாக வைத்து அமெரிக்காவில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். அதில் வரும் கொலைகாரன் பாவிகளைத் தேடித் தேடிக் கொல்கிறான். அவன் கையில் இறந்தவர்களில் நல்லவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் அவன் செய்ததில் பிழை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

கொலை ஹராம் என்று ஒரே சொல்லில் விடை பகர்ந்தோம். அவர் தலையசைத்தார். ஆனால் ஐயம் தீர்ந்த முகமாக அது இல்லை. பின்னர் அப்படத்தை நாமே பார்த்தோம். கொலைகாரன் தன் செயலுக்கு நியாயம் கூறும் கட்டம் வந்தபோது, நம்மையறியாமல் நம் தலையும் ஒருமுறை அசைந்ததை உணர்ந்து திடுக்கிட்டோம். பாவங்களைக் கண்டித்துப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அப்பேச்சு அந்நியமாகத் தோன்றவில்லை. அந்த அசைவுதான் இக்கட்டுரையின் காரணம்.

படத்தின் பெயர் 'செவன்'; ஏழு என்பது பொருள். 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆண்ட்ரூ கெவின் வாக்கர் எழுத, டேவிட் ஃபின்ச்சர் இயக்கினார். மார்கன் ஃப்ரீமன், பிராட் பிட் இருவரும் துப்பறியும் அதிகாரிகளாகவும், கெவின் ஸ்பேசி கொலைகாரனாகவும் நடித்துள்ளனர்.

கதை ஒரு பெயரற்ற பெருநகரில் நடக்கிறது. அங்கே ஓயாது மழை பொழிகிறது. ஓய்வு பெற ஏழே நாட்கள் எஞ்சியிருக்கும் சோமர்செட் என்னும் முதிய அதிகாரியும், அவருடைய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் மில்ஸ் என்னும் இளைஞரும் ஒரு கொலையை விசாரிக்கத் தொடங்குகின்றனர். பருத்த உடலினர் ஒருவர் கைகால் கட்டப்பட்டு, சாகும்வரை உண்ணும்படி வற்புறுத்தப்பட்டிருக்கிறார். அவ்விடத்தில் 'பெருந்தீனி' என்னும் சொல் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்து, பெரும்பொருள் ஈட்டிய வழக்கறிஞர் ஒருவர் தம் சதையைத் தாமே அறுத்துக்கொள்ளுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டு இறக்கிறார். அங்கே 'பேராசை' என்று எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாமவன் ஓராண்டுக் காலம் படுக்கையோடு பிணிக்கப்பட்டு, உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் கண்டெடுக்கப்படுகிறான். அது 'சோம்பல்'. பிறகு 'காமம்', 'பெருமை' என்று வரிசை நீள்கிறது. கிறிஸ்தவ மரபு கூறும் ஏழு கொடும்பாவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொலை என்பதே கொலைகாரனின் திட்டம். உலகுக்கு அதை ஒரு பிரசங்கமாக நிகழ்த்திக் காட்டுவதாக அவன் எண்ணுகிறான்.

இப்படத்தின் திறனைக் குறைத்துக் கூற நாம் விரும்பவில்லை. குருதியைக் காட்டிப் பயமுறுத்தும் மலிவான முறையை இயக்குநர் கையாளவில்லை. ஐந்து பாவங்களின் கொடுமையும் நிகழ்ந்து முடிந்த பின்னரே நாம் அவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லப்படுகிறோம். தடயங்களைக் காண்கிறோம், செயலைக் காண்பதில்லை. 127 நிமிடங்கள் ஓடும் இப்படத்தில் ஒரு மனிதன் மற்றொரு மனிதனைக் கொல்வதை நம் கண்முன் காட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கொலையைச் செய்வது யார் என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் விசாரணை செய்வோர் இருவரையும் நோக்குவோம். சோமர்செட் தனிமையில் வாழ்பவர். நகரின் இரைச்சலில் உறக்கம் வராமல், தாளக் கருவி ஒன்றை ஆட விட்டு அதன் ஒலியில் கண்ணயர்பவர். படத்தின் தொடக்கத்தில் ஒரு வீட்டில் நிகழ்ந்த கொலையைப் பார்வையிடும் அவர், "குழந்தை இதைப் பார்த்ததா?" என்ற பொருள்பட வினவுகிறார். உடனிருந்த அதிகாரிக்கு அவ்வினா எரிச்சலூட்டுகிறது. செத்தவன் யார், கொன்றவர் யார் என்பதற்கு மேல் அவருக்கு என்ன வேலை என்பது போல் பேசுகிறார். அந்த ஒரு வினாவிலேயே சோமர்செட்டின் முழு உருவமும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. பிறர் துன்பம் அவரைத் தொடுகிறது. தொட்டுத் தொட்டே அவர் களைத்துப் போயிருக்கிறார்.

மில்ஸ் இதற்கு நேர்மாறானவர். துடிப்பும், நன்மை செய்யவேண்டும் என்ற ஆர்வமும் உடையவர். ஆனால் அவருடைய சினம் எப்போதும் மேற்பரப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. சோமர்செட் நூலகத்தில் இரவெல்லாம் அமர்ந்து தாந்தேயையும் சாசரையும் புரட்டிக் குறிப்பெடுக்கிறார். மில்ஸோ அந்நூல்களின் சுருக்க உரைகளை வாங்கிவரச் செய்து மேலோட்டமாகப் பார்க்கிறார். நம் மதரஸாக்களிலும் பள்ளிகளிலும் இவ்விரு வகையினரையும் நாம் கண்டதுண்டு. ஷரஹு படிக்கிறவரும் உண்டு. தேர்வுக்கு முன்னிரவு குறிப்பேட்டைத் தேடுகிறவரும் உண்டு.

ஆனால் அந்த நூலகத்துக்கு மற்றொருவனும் வந்து போயிருக்கிறான். சோமர்செட் புரட்டிய அதே நூல்களைக் கொலைகாரனும் இரவல் பெற்றிருக்கிறான். அவன் இருப்பிடத்துக்கு வழி காட்டுவதே அந்த இரவல் பட்டியல்தான். நூல்கள் அவையே. படித்தவர் இருவர். ஒருவருக்கு அந்நூல்கள் மனிதர்பால் இரக்கத்தைத் தந்தன. மற்றவனுக்குக் கத்தியைத் தந்தன. கல்வி தானாகவே மனிதனைத் திருத்திவிடும் என்று நம்பும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இந்தக் காட்சியின் முன் சற்று நேரம் நிற்கத்தான் வேண்டும்.

அப்படியானால் அவன் எவ்வாறு படித்தான்? இதற்கு விடை காண, ஏழு பாவங்கள் என்னும் அப்பட்டியலின் வரலாற்றைச் சற்றே அறிதல் நலம். அதனைத் தொகுத்தவர்கள் நீதிபதிகளோ காவலர்களோ அல்லர். கி.பி. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தனித்திருந்து வணங்கிய துறவிகளிடையே அது தோன்றியது. 399ஆம் ஆண்டு இறந்த எவாக்ரியஸ் என்பவர், வணக்கத்தில் ஈடுபட்டவனின் உள்ளத்தில் எழும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, புகழ்வேட்கை, பெருமை என்பன அவை. தன் குகைக்குள் தனியாக இருப்பவனுக்குக் கண்டிப்பதற்கு வேறு யாரும் இல்லை. அவன் தன்னைத்தான் நோக்கியாக வேண்டும். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவராக இருந்த கிரிகோரி அப்பட்டியலை மாற்றியமைத்துப் பொறாமையையும் சேர்த்தார். காலப்போக்கில் துயரம் சோம்பலுக்குள்ளும், புகழ்வேட்கை பெருமைக்குள்ளும் அடங்கிப்போயின. இன்று அறியப்படும் ஏழு எஞ்சியது.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். பட்டியலிலிருந்து பெயர் மறைந்துபோன அந்த இரண்டும் இப்படத்தில் உயிரோடு நடமாடுகின்றன. துயரம் சோமர்செட்டாக நடக்கிறது. புகழ்வேட்கை கொலைகாரனாக நடக்கிறது. தன் செயலை மக்கள் வியந்து ஆராய்வர், என்றும் மறவார் என்று அவன் மகிழ்கிறானே, அது வேறென்ன?

சோமர்செட் புரட்டும் நூல்களும் இதே உண்மையையே சொல்கின்றன. தாந்தேயின் காவியத்தில் ஏழு பாவங்களும் ஏழு படிகளாக அமைந்திருப்பது நரகத்தில் அன்று. உயிர்கள் தம்மைத் தூய்மை செய்துகொண்டு மேலேறும் மலையில். சாசரின் நூலில் வரும் பாதிரியார் ஏழு பாவங்களை விவரிப்பது பாவமன்னிப்பைப் பற்றிய உபதேசத்தின் நடுவில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பரிகாரத்தையும் கூறுகிறார். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் முறையும் இதுவே. நாற்பது பாகங்கள் கொண்ட இஹ்யாவின் மூன்றாம் கால்பகுதிக்கு 'முஹ்லிகாத்' என்று பெயர். அழிவில் ஆழ்த்துபவை என்பது பொருள். வயிறு, காமம் ஆகிய இரண்டின் ஆசையும் ஒரு பாகத்தில் பேசப்படுகின்றன. கோபமும் பொறாமையும் ஒரு பாகத்தில், கஞ்சத்தனமும் பொருட்பற்றும் ஒரு பாகத்தில், பெருமை ஒரு பாகத்தில் என ஆராயப்படுகின்றன. ஒரு நோயைச் சொன்னால் அதன் காரணத்தையும் மருந்தையும் சொல்லாமல் இமாம் அவர்கள் நகர்வதில்லை. திருவள்ளுவரும் வெகுளாமை, அழுக்காறாமை, வெஃகாமை என்று எதிர்மறையில் அதிகாரம் வகுத்தது, படிப்பவன் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டேயன்றோ?

ஆக, இவையெல்லாம் மருத்துவ நூல்கள். நோயாளி தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்காக எழுதப்பட்டவை. கொலைகாரன் செய்தது என்ன? நோயின் பெயர்களை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டான். மருந்து இருந்த பக்கத்தை எறிந்துவிட்டான். தன் முகத்தைப் பார்க்கத் தந்த கண்ணாடியைத் திருப்பித் தெருவில் போகிறவர்களின் முகத்துக்கு நேரே பிடித்தான். அவன் அறையில் ஏறத்தாழ 2000 குறிப்பேடுகள் இருந்தன என்று படம் காட்டுகிறது. அத்தனை ஏடுகளிலும் அவன் எழுதியிருப்பது பிறர்மீது கொண்ட அருவருப்பே.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் முஹ்லிகாத்தை எந்தப் பாகத்தோடு முடிக்கிறார்கள் என்பது கருதத்தக்கது. பசி, காமம், கோபம், பெருமை எல்லாம் முடிந்தபின் இறுதியாக வருவது 'குரூர்' என்னும் பாகம். தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்ளுதல் என்று அதனைத் தமிழில் கூறலாம். அதில் இமாம் அவர்கள் நான்கு கூட்டத்தாரை எடுத்துக்கொள்கிறார்கள்: கற்றோர், வணக்கசாலிகள், ஸூஃபிகள் எனப்படுவோர், செல்வர். திருடரும் குடிகாரரும் அங்கே தலைப்பாக இல்லை. பாவத்தைப் பற்றி அதிகம் அறிந்தவர்களுக்கே அந்நோய் எளிதில் பற்றுகிறது என்பது குறிப்பு. நம் கொலைகாரனின் ஏட்டில் ஏழு உண்டு. இந்த எட்டாவது இல்லை. அவனைக் கொண்டுபோனது இதுவே.

இனி, நம் தலையை அசைய வைத்த அக்காட்சிக்கு வருவோம். ஐந்து பாவங்கள் முடிந்ததும் கொலைகாரன் தானாகவே காவல் நிலையத்தில் சரணடைகிறான். எஞ்சிய இரண்டைக் காட்டுவதாகக் கூறி அதிகாரிகள் இருவரையும் ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறான். காரில் விவாதம் நடக்கிறது. அப்பாவி மக்களைக் கொன்றாயே என்று மில்ஸ் கொதிக்கிறார். அப்பாவிகளா என்று அவன் நகைக்கிறான். அந்த வழக்கறிஞர் பொய்யால் பணம் குவித்துக் கொடியவர்களைத் தப்பவிட்டவர்; அந்தச் சோம்பேறி போதைப்பொருள் விற்றவன், சிறுவர்களைக் கெடுத்தவன் என்று ஒவ்வொருவராக எண்ணிக் காட்டுகிறான். ஒவ்வொரு தெருமுனையிலும் பாவம் நடக்கிறது, அது சாதாரணமாகிவிட்டதால் நாம் சகித்துக்கொள்கிறோம் என்கிறான். இக்கடைசிக் கூற்றை நாமே எத்தனை மேடைகளில் கூறியிருப்போம்!

மில்ஸிடம் இதற்கு விடை இல்லை. ஏனெனில் அவர் தொடங்கிய இடமே தவறு. இறந்தவர் நல்லவர் என்று நிரூபித்தால்தான் கொலை குற்றமாகும் என்ற அடிப்படையை அவர் தம்மையறியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார். நம் மாணவரும் அதே இடத்தில்தான் நின்றார். சோமர்செட்டின் வினாவோ கூர்மையானது. மேலான ஓர் ஆற்றல் உன்னைத் தேர்ந்தெடுத்து வற்புறுத்தியது என்றால், நீ இதில் இத்தனை இன்பம் காண்பது எப்படி என்று அவர் கேட்கிறார். படம் முழுவதிலும் அக்கொலைகாரனை நிலைதடுமாறச் செய்யும் வினா இது ஒன்றே. கடமையைச் செய்கிறவனுக்கும் வேட்கையைத் தீர்த்துக்கொள்கிறவனுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை அது தொட்டுவிடுகிறது. குரூர் என்று இமாம் அவர்கள் கூறுவதை அம்முதியவர் வேறு சொல்லால் கூறிவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது.

ஆனால் இவ்விடத்தில்தான் படத்தின் பெருங்குறையையும் காண்கிறோம். அவ்வினா எழுந்த வேகத்திலேயே மறைகிறது. கொலைகாரனுக்கு நீண்ட பேச்சு. இறந்தவர்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. பருத்த உடலினருக்கு ஒரு தாய் இருந்தாளா? சோம்பேறி எனப்பட்டவன் என்றேனும் திருந்த எண்ணினானா? தன் முகம் சிதைக்கப்பட்ட அப்பெண் யாருக்கேனும் நன்மை செய்தாளா? ஒன்றும் நமக்குச் சொல்லப்படவில்லை. அவர்களைக் கொலைகாரன் எந்தக் கண்ணால் கண்டானோ, அந்தக் கண்ணாலேயே நாமும் காணுமாறு விடப்படுகிறோம். ஒரு மனிதனின் வாழ்வை ஒரே ஒரு பாவத்தின் பெயரால் எழுதி முடித்துவிடுவது கொலைகாரன் செய்த முதல் அநீதி. கதாசிரியரும் அதற்கு உடன்பட்டுவிட்டார் என்பதே நம் வருத்தம். இளம் உள்ளங்கள் அவன்பால் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இஃது அமெரிக்கக் கற்பனை, நமக்கென்ன என்று வாசக நேயர்கள் கருதிவிட வேண்டா. நம் வரலாற்றிலேயே இம்மனிதனை நாம் சந்தித்திருக்கிறோம். கி.பி. 657இல் நிகழ்ந்த ஸிப்பீன் போருக்குப் பின் ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களை விட்டுப் பிரிந்த கூட்டத்தினரைக் கவாரிஜ்கள் என்கிறோம். அவர்கள் தொழுகையில் தளராதவர்கள். குர்ஆனை ஓதி ஓதி உருகியவர்கள். பெரும்பாவம் செய்தவன் மார்க்கத்தை விட்டே வெளியேறினான் என்பது அவர்களின் தீர்ப்பு. அவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் தபரீ முதலானோர் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சியை ஓதும்போதெல்லாம் நம் குரல் தழுதழுக்கும்.

அவர்களில் ஒருவன் மரத்தடியில் விழுந்து கிடந்த பேரீச்சங்கனி ஒன்றை எடுத்து வாயிலிட்டான். விலை கொடுக்காமல் பிறர் பொருளை உண்பதா என்று தோழர்கள் கடிந்ததும் உமிழ்ந்துவிட்டான். வேற்றுச் சமயத்தார் ஒருவரின் பன்றியை ஒருவன் வெட்டிவிட, உரிமையாளரைத் தேடிச் சென்று அவர் மனம் நிறைவடையச் செய்தார்கள். எத்தகைய பேணுதல்! அதே மனிதர்கள், அதே பயணத்தில், நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ்வை ஆற்றங்கரைக்கு இழுத்துச் சென்று கொன்றார்கள். கருவுற்றிருந்த அவர் மனைவியையும் வயிற்றைக் கிழித்துக் கொன்றார்கள். 661இல் கூஃபாப் பள்ளிவாசலில் அலீ (ரலி) அவர்களையே வெட்டிய இப்னு முல்ஜமும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

ஒரு பேரீச்சங்கனியின் கணக்கில் தவறாதவர்கள் ஒரு கர்ப்பிணியின் உயிர்க்கணக்கில் தவறினார்கள். படத்தின் முடிவை அறிந்தவர்களுக்கு இது ஏன் நினைவுக்கு வருகிறது என்பது விளங்கும். மில்ஸின் மனைவி டிரேஸியும் கருவுற்றிருக்கிறாள். அவள் பள்ளி ஆசிரியை. இந்நகரில் ஒரு குழந்தையை எப்படி வளர்ப்பது என்று அஞ்சி, கணவனிடம்கூடச் சொல்லாமல் சோமர்செட்டிடம் வந்து கலங்குகிறாள். படத்தில் மனித வாழ்வின் வெப்பத்தை நாம் உணரும் இடம் அது. எப்பாவப் பட்டியலிலும் இடம்பெறாத அவளையும் கொலைகாரன் விட்டுவைக்கவில்லை. பாவிகளை மட்டுமே கொன்றான் என்ற வாதம் இங்கே தானாகவே இடிந்து விழுகிறது. தீர்ப்பைத் தன் கையில் எடுத்தவனின் வாள் பாவியோடு நிற்பதில்லை. நஹ்ரவான் கரையிலும் அது நிற்கவில்லை.

பாவத்தைத் துருவுவது பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த அச்சத்தையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஓர் இரவு உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டில் எழுந்த ஓசை கேட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே மதுவோடு இருந்தவரைக் கண்டித்தார்களாம். அம்மனிதர், "நான் செய்தது ஒரு குற்றம், தாங்கள் செய்தவை மூன்று. துருவிப் பார்த்தீர்கள், வாயில் வழியே வரவில்லை, ஸலாம் கூறவில்லை" என்று சொல்ல, கலீஃபா அவர்கள் அதனை ஏற்று அவரை விட்டுச் சென்றார்கள் என்று இமாம் கஸ்ஸாலி எடுத்தெழுதுகிறார்கள். மாஇஸ் (ரலி) தாமே வந்து தம் பாவத்தை ஒப்புக்கொண்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மீண்டும் மீண்டும் வந்து நான்கு முறை கூறியபின்னரும், இவருக்குச் சித்தம் தெளிவாக இருக்கிறதா என்று வினவினார்கள். முடிவில் தண்டனை நிறைவேறியது உண்மை. ஆனால் தண்டிக்கும் அதிகாரமுள்ள அந்தத் திருமுகம் முதலில் திரும்பியது எந்தப் பக்கம் என்பதைக் கவனிக்கவேண்டும்.

படத்தின் அதிகாரிகள் வாயில் வழியே வரவில்லை. நூலகங்களில் யார் எந்நூலைப் படிக்கிறார் என்று மறைவாகக் கண்காணிக்கும் அரசுப் பட்டியலைச் சோமர்செட் பணம் கொடுத்துப் பெறுகிறார். அதைக் கொண்டு கொலைகாரனின் இருப்பிடத்தை அடைந்ததும், நீதிமன்ற ஆணையின்றி மில்ஸ் கதவை உதைத்துத் திறக்கிறார். பின்னர் ஏழைப் பெண்ணொருத்திக்குப் பணம் கொடுத்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிறார். நல்லவர்கள் நல்ல நோக்கத்தோடு செய்தவைதாம் இவை. எனினும் சட்டத்தின் கை அங்கேயே வழுக்கத் தொடங்கிவிட்டது. முடிவில் நிகழ்வது திடீரென்று நிகழ்ந்ததன்று.

அம்முடிவைக் காண்போம். மழை ஓய்ந்து, வெயில் எரிக்கும் பொட்டல்வெளி. மின்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வண்டி வந்து பெட்டியொன்றைக் கொடுத்துச் செல்கிறது. திறந்து பார்த்த சோமர்செட் நடுங்குகிறார். உள்ளே இருப்பதைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை. மில்ஸின் இல்லற வாழ்வைக் கண்டு தான் பொறாமை கொண்டதாகக் கொலைகாரன் கூறுகிறான். ஆறாவது பாவம் அவனே. ஏழாவதான கோபத்தை மில்ஸின் கையால் நிறைவேற்றுவது அவன் எண்ணம். இவனைச் சுட்டால் இவனே வென்றவனாவான் என்று சோமர்செட் கெஞ்சுகிறார். மில்ஸ் சுடுகிறார். நம் கண்முன் நிகழும் அந்த ஒரே கொலை, சட்டம் காக்க வந்தவரின் கையால் நிகழ்கிறது. வேறு முடிவு வைக்கலாம் என்று தயாரிப்பாளர் தரப்பில் எண்ணம் எழுந்தபோது, இம்முடிவே இருக்கவேண்டும் என்று பிராட் பிட் உறுதியாக நின்றதாக அறிகிறோம். அவர் செய்தது சரியே. இம்முடிவை மாற்றியிருந்தால் படம் வெறும் துப்பறியும் கதையாகப் போயிருக்கும்.

பெட்டியைக் கண்டதும் 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலிலுள்ள மூன்று ஆப்பிள்களின் கதை நமக்கு நினைவில் எழுந்தது. திஜ்லா நதியில் வலை வீசிய முதியவனுக்குப் பூட்டிய பெட்டி ஒன்று கிடைக்கிறது. உள்ளே வெட்டுண்ட பெண்ணின் உடல். மூன்று நாட்களுக்குள் கொலைகாரனைக் கண்டுபிடிக்காவிட்டால் உன் உயிர் போகும் என்று கலீஃபா ஹாரூன் அமைச்சர் ஜஅஃபருக்கு ஆணையிடுகிறார். கொன்றவன் அப்பெண்ணின் கணவன். அடிமை ஒருவன் வாய்க்கு வந்தபடி சொன்ன பொய்யை நம்பி, விசாரியாமல், கோபத்தில் கொன்றுவிட்டான். பின்னர் அப்பொய்யைச் சொன்ன அடிமையைத் தேடினால், அவன் ஜஅஃபரின் சொந்த வீட்டிலேயே இருக்கிறான். குற்றத்தின் வேரைத் தேடிப் புறப்பட்டவன் தன் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறான். பல நூற்றாண்டுகளுக்கு முந்திய அக்கதைசொல்லியும் இவ்வமெரிக்கரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல். இது சிறுவர்க்குரிய படமன்று. காட்சிகள் நேரடியாகக் காட்டப்படாவிடினும் அவை உள்ளத்தில் ஏற்றும் சுமை கனமானது. அன்றியும் டிரேஸி என்னும் பெண்ணை, ஆண்கள் இருவரின் சோதனைக்கு ஒரு கருவியாக மட்டும் கதை பயன்படுத்திக்கொள்வது நமக்கு உவப்பாக இல்லை. வளர்ந்த பிள்ளைகள் கைப்பேசியில் இத்தகைய படங்களைத் தாமே பார்த்துவிடும் காலம் இது. பார்த்தபின் அவர்கள் யாரிடமேனும் பேசவேண்டும். நம் மாணவர் நம்மிடம் கேட்டது நன்று. கேளாமல் அவ்வினாவை உள்ளத்திலேயே வைத்துக்கொண்டு திரிபவர்களை எண்ணித்தான் அஞ்சுகிறோம்.

ஓய்வு பெற்று ஊரைவிட்டே போக எண்ணியிருந்த சோமர்செட், எல்லாம் முடிந்தபின், தாம் இங்கேயே அருகில் இருக்கப்போவதாகத் தம் மேலதிகாரியிடம் கூறுகிறார். உலகம் அழகானது என்பதை அவர் நம்பவில்லை. ஆயினும் அதற்காகப் போராடுவது தகும் என்று மட்டும் ஒப்புகிறார். பாவம் நிறைந்த ஊரை அருவருத்தவன் கொலைகாரன். அவனைப் போன்றே அவ்வூரைக் கண்டு மனம் கசந்தவர்தாம் இவரும். ஆனால் இவர், குழந்தை பார்த்ததா என்று கேட்பவர். அந்த ஒரு கேள்விதான் இருவரையும் வேறு பிரிக்கிறது.

மறுவாரம் அம்மாணவரை அழைத்து, "நீர் கேட்ட வினாவைச் சிறிது மாற்றிக் கேளும். அவன் கொன்றவர்களில் நல்லவர் யார் என்று தேடாதீர். அவன் ஏட்டில் உம்முடைய பெயரை எந்தப் பாவத்தின் கீழ் எழுதியிருப்பான் என்று எண்ணிப் பாரும்" என்றோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு மெல்ல, "ஹஜ்ரத், தங்கள் பெயரை?" என்று கேட்டார்.

கிதாபைத் திறந்து, முஹ்லிகாத்தின் கடைசிப் பாகத்தில் கற்றோரைப் பற்றிய பகுதியைக் காட்டி, அன்றைய பாடத்தை அங்கிருந்து தொடங்கினோம்.